எழுநூற்று நாற்பது பொட்டு

சுலைஹாவின் வலது கையில் மூன்று விரல்கள் அவளுக்குப் பின்னால்தான் எழுந்தன. விடிகாலைச் சுபுஹு தொழுகைக்கு அவள் விழித்துவிடுவாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் வேறு யாருடைய உடம்பிலோ தூங்குவதுபோல மரத்துக் கிடக்கும். தொழுமுன் கைகால் கழுவி ஒளு எடுக்கும்போது குழாய்த் தண்ணீரில் அவற்றை ஒவ்வொன்றாகப் பிசைந்து எழுப்புவாள். முன்பெல்லாம் ஒரு நிமிடத்தில் எழுந்துகொண்டன. இந்த வருஷம் அவை எழும்போது, மலேசியாவில் எங்கள் ஊரான யோங் பெங் சந்திப்பில் செம்பனைப் பழ லாரிகள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன.

எங்கள் தாமான் குடியிருப்பில் மூன்றாவது வரிசையில் அவர்கள் வீடு. முன்னறையில் சோபா கிடையாது. அகலமான ஒரு மேசை, அதன்மேல் பெரிய திரை, ஒரு கணினி, சுவரோரம் பழைய மின்விசிறி. சுலைஹா பதினொரு வருஷமாக அந்த மேசையில் படங்களைத் திருத்துகிறாள். சுற்றுவட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகள் நான்கிலும் வருஷத்துக்கு ஒரு முறை ஜெயபாலன் போய்ப் பிள்ளைகளைப் படம் பிடித்து வருவான். ஒவ்வொரு படத்தையும் வெட்டி, பின்னால் இருக்கும் கசங்கிய திரைத்துணியை எடுத்துவிட்டு இளநீலம் போட்டு, வெளிச்சம் கூட்டி, அளவு சரிசெய்து, பிள்ளையின் எண்ணைப் பெயராக வைத்துச் சேமிப்பது அவள் வேலை. அது கழுத்து அட்டைக்கும் ஆண்டு மலருக்கும் போகும். ஒரு படத்துக்கு நாலு நிமிஷம். இந்த வருஷம் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வாசல் காவலுக்கு நிற்கும் ஜாகாவும் சேர்த்து எழுநூற்று நாற்பது முகங்கள்.

அவள் கணவர் கிபாயத்துல்லாவுக்கு எக்ஸ்பிரஸ் பஸ் நிற்கும் இடத்தில் சாப்பாட்டுக் கடை. விடியுமுன் சிங்கப்பூர் போகிற தொழிற்சாலை பஸ்ஸுக்கு ரொட்டி சானாயும் நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீயும் பொட்டலம் கட்டிக் கொடுப்பதில் அவருடைய நாள் தொடங்கும். மனைவி முன்னறையில் கணினி வேலை செய்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். என்ன வேலை என்று அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஜெயபாலன் வந்தபோது சுலைஹா ஒன்பது படங்களை முடித்திருந்தாள். பத்தாவது படத்தில் மவுஸ் கையை விட்டு நழுவி மேசைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, மவுஸ ஊஞ்சல் ஆட விட்டிருக்கீங்க?"

"பிடிக்க முடியல தம்பி. பிடிச்சிருக்கேனா இல்லையான்னே கைக்குத் தெரிய மாட்டேங்குது."

"ஆப்பரேஷன் எப்பன்னு சொன்னீங்க?"

"வியாழக்கிழமை. பத்து பஹாட் டவுன் ஆஸ்பத்திரி. மணிக்கட்டுல நரம்பு நெரிபடுதாம். இந்தத் தேதிய விட்டா அடுத்தது அஞ்சு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் விட்டா விரல்ல உணர்வு திரும்பாமலே போயிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ஜெயபாலன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவனுக்கு நாற்பத்தைந்து வயது. கல்யாண வீடுகளில் அழுகிற மணப்பெண்ணைக்கூடச் சிரிக்கவைத்துப் படம் எடுப்பவன். இப்போது சிரிக்கவைக்க எதுவும் கிடைக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு எப்பக் கொடுக்கணும்?"

"புதன் சாயங்காலம். வியாழன் காலையில கார்டு அச்சுக்குப் போகுது. நாலு பள்ளிக்கும் சேத்துப் பொறுப்பெடுத்துக்கிட்ட ஹெச்.எம். சிகப்பி டீச்சர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. தாமதமானா அடுத்த வருஷத்துலேருந்து நாலு பள்ளிக்கூடத்தையும் ஜேபி டவுன்ல இருக்கற பெரிய ஸ்டுடியோ கம்பெனிக்குக் கொடுக்கச் சொல்லி மேலேருந்து கேப்பாங்களாம்."

"ஜேபி கம்பெனியா! அவனுங்க கேமராவையும் கொண்டு வந்துருவானுங்கக்கா. அப்ப நானும் காலி."

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. கிபாயத்துல்லா மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாகத் தாப்பாவ் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மீன் தலைக் கறியின் புளிப்பு மணம் அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. மனைவி இடது கையால் தட்டு எடுப்பதைப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்து மீனில் முள் எடுக்க ஆரம்பித்தார்.

"ஒரு நாளைக்கு எத்தன முடிக்கலாம்?" என்று கேட்டார்.

"கை இருந்தா நூத்தம்பது. இப்ப ஒம்போது."

"அலமாக்! எங்க, ஒண்ணு செஞ்சு காட்டு. நான் பாக்கறேன்."

சுலைஹா ஆச்சரியமாக அவரைப் பார்த்தாள். பிறகு இடது கையால் மவுஸைப் பிடித்து ஒரு பையனின் படத்தைத் திறந்து, ஒவ்வொரு படியையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்தாள். வெட்டுறேன். ஆளைப் பிடிக்கிறேன். பின்னால நீலம். வெளிச்சம். அளவு. சேமிக்கிறேன். இடது கையில் அதற்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. கிபாயத்துல்லா முள்ளெடுத்த மீனை அவள் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"எல்லாத்துக்கும் இதேதானா?"

"இதேதான்."

"பதினோரு வருஷமா?"

"ஆமாங்க."

"அப்ப இது மாவு பெசையற வேலை. நான் மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி என் தோள்பட்டை எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும்ல? உன் கம்ப்யூட்டர்ல பெசையற மெஷின் இல்லையா?"

ஜெயபாலன் தொடையில் தட்டினான். "இருக்கு பாய்! ஆக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு. ரெகார்ட் பட்டன அமுக்கிட்டு ஒரு படத்த செஞ்சா, என்னென்ன செஞ்சோம்னு அது மனப்பாடம் பண்ணிக்கும். அப்பறம் மிச்சத்த எல்லாம் அதுவே செஞ்சுடும். அக்காவுக்குத் தெரியுமே?"

"தெரியும். தொட்டதில்ல."

"ஏன்?" என்றார் கிபாயத்துல்லா.

சுலைஹா தட்டை ஓரமாக நகர்த்தினாள். "அது செஞ்சுடுச்சுன்னா, அப்பறம் நான் எதுக்குன்னு கேட்டுருவாங்களோன்னு."

"யாரு கேப்பா?"

"யாருமில்ல. நானே."

அவர் சிரிக்கவில்லை. "முதல்ல கைய காப்பாத்து," என்றார். "நீ எதுக்குங்கறத அப்பறம் பேசிக்கலாம்."

அவர் கடைக்குப் போனபின் அதைப் பதிவு செய்தார்கள். முதல் வகுப்பின் முதல் படம் அபர்ணா என்ற சிறுமியுடையது. ரெட்டைச் சடை, வெள்ளைச் சட்டை, கருநீலப் பினஃபோர், முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. ஜெயபாலன் பதிவுப் பொத்தானை அமுக்க, ஒரு சின்னச் சிவப்பு வட்டம் எரிந்தது. சுலைஹா இடது கையால் வேலையைத் தொடங்கினாள். வெளியே வானம் கறுத்து, எதிர்வீட்டுக் கொடியிலிருந்து யாரோ துணிகளை அவசரமாக உருவிக்கொண்டிருந்தார்கள். ஜெயபாலனும் தன் மோட்டார் சைக்கிளை நிழற்கூரைக்குள் தள்ளப் போனான்.

சுலைஹாவின் கணினியில் ஒரு கோப்புறை உண்டு. அதில் இருப்பதெல்லாம் பொட்டு. சிவப்பு, கறுப்பு, சந்தனம், சின்னது, பெரியது. பதினொரு வருஷத்துக்கு முன்பு ஒரு தாய் கழுத்து அட்டையைக் கொண்டுவந்து காட்டி, "நான் வெச்சு அனுப்பின பொட்டு எங்கங்க?" என்று கேட்டாள். பிள்ளை வரிசையில் வியர்த்து நின்றபோது அது உதிர்ந்திருந்தது. அன்றிலிருந்து சுலைஹா பார்த்துக்கொள்கிறாள். விழுந்திருந்தால் வைப்பாள், புருவத்துக்கு வழுக்கியிருந்தால் ஏற்றிவிடுவாள், திருநீறு கரைந்திருந்தால் மூன்று கோட்டையும் தெளிவாக்குவாள். "நீங்க வெக்கிறதில்லையே, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேல?" என்று ஜெயபாலன் ஒருமுறை கேட்டதற்கு, "காலையில அம்மா வெச்சு அனுப்பினது மத்தியானம் இருக்கணும்ல தம்பி" என்றாள்.

அபர்ணாவின் சிவப்புப் பொட்டு இடது புருவத்துக்குமேல் விலகி உட்கார்ந்திருந்தது. சுலைஹா அதை அழித்துவிட்டு, கோப்புறையிலிருந்து ஒன்றை எடுத்து நெற்றியின் நடுவில் வைத்தாள். யோசித்துச் செய்ததில்லை. கொட்டாவி வந்தால் வாயை மூடும் கையைப்போல அது தானாகப் போயிற்று. பிறகு அளவைச் சரிசெய்து சேமித்தாள். ஜெயபாலன் உள்ளே வந்து பதிவை நிறுத்தினான்.

சிவப்பு வட்டம் அந்த நேரமெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

எழுநூற்று நாற்பது படங்களையும் அதனிடம் கொடுத்துவிட்டு ஜெயபாலன் கிளம்பினான். மழை தகரக் கூரையில் இறங்கியது. சுலைஹா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். படங்கள் திறந்து, மின்னி, மூடிக்கொண்டிருந்தன. ஒரு முகத்தையும் பார்க்க முடியாத வேகம். யாரும் இல்லாத வீட்டில் விளக்குகள் தானாக எரிந்து அணைவதைப் போல இருந்தது. வலது கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சோர்ந்து படுத்தாள். எழுந்தபோது மழை விட்டிருந்தது. வேலை முடிந்திருந்தது. பெருமூச்சோடு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் பார்க்கும் இணைய இணைப்பை வழக்கம்போலத் தலைமையாசிரியை சிகப்பி டீச்சருக்கு அனுப்பினாள். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து அனுப்பிய பழக்கம். செய்தது என்றால் பார்த்தது என்றே அவள் மனம் எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை ஒன்பதரைக்குச் சிகப்பி டீச்சர் கூப்பிட்டார்.

"சுலைஹா, உக்காந்திருக்கீங்களா?"

"ஆமா டீச்சர்."

"படமெல்லாம் வந்துச்சு. வெளிச்சம் நல்லா இருக்கு. நீலம் நல்லா இருக்கு." கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "ஆனா எனக்கு ரெண்டு பொட்டு இருக்கு."

"டீச்சர்?"

"ஒண்ணு நான் வெச்சது. இன்னொண்ணு அதுக்குக் கீழ. ஜாகா சதாசிவத்துக்கு மூக்கு நுனியில இருக்கு. ஆறாம் வகுப்பு திவாகரனுக்கு உதட்டுல, வெத்தல போட்ட மாதிரி. பையனுங்க எல்லாருக்கும் இருக்கு. மலாய் பாடம் எடுக்கற நம்ம பஹாசா டீச்சருக்கு, தலைய மூடி தூடோங் போட்டு எவ்வளவு அழகா உக்காந்திருக்காங்க, அவங்களுக்கும் நெத்தியில வட்டமா வெச்சிருக்கீங்க."

சுலைஹாவின் கை தன் நெற்றிக்குப் போயிற்று. திரையில் படங்களைத் திறந்தாள். முதல் படம், இரண்டாவது, நூறாவது. எழுநூற்று நாற்பது முகங்களில் ஒரே சிவப்பு வட்டம், முகம் எங்கிருந்தாலும் படத்தின் அதே புள்ளியில். பஹாசா டீச்சரின் படத்தைத் திறந்ததும் உடனே மூடினாள். அந்த அம்மாள் நோன்பு மாதத்தில் கிபாயத்துல்லாவின் கடைக் கஞ்சிக்குப் பாத்திரம் கொண்டு வருபவர்.

"யாரெல்லாம் பாத்தாங்க டீச்சர்?"

"நான் மட்டும்தான். பாத்த உடனே இணைப்ப மூடிட்டேன். கிளார்க் இன்னும் தொறக்கல."

"மன்னிச்சிருங்க டீச்சர். நான் வேணும்னு..."

"இத நீங்க சொல்லணுமா? யாரும் கேட்டா நான் சொல்லிக்கறேன். ஆனா யாரும் கேக்கற மாதிரி வெக்க வேணாம்." அவர் குரல் தழைந்தது. "பதினோரு வருஷத்துல ஒரு பிள்ள படத்தக்கூட நான் திருப்பி அனுப்பினதில்ல சுலைஹா. அதனாலதான் கேக்கறேன், நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள முடியுமா? அதத் தாண்டினா என் கையில இல்ல."

"முடிச்சிடறேன் டீச்சர்."

"சரி. சிரிக்கிறதுக்கு நான் ரூம் கதவ சாத்திக்கிட்டேன்னு மட்டும் தெரிஞ்சுக்குங்க. என்னால முடியல. அந்தச் சதாசிவம் மூக்கு!" போனை வைத்துவிட்டார்.

சுலைஹாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. மூலப் படங்கள் பத்திரமாக இருந்தன. அது ஒரு நிம்மதி. மறுபடி ஓடவிட்டால் பொட்டு இல்லாமல் எல்லாம் வந்துவிடும். ஆனால் உதிர்ந்த பொட்டுகள் உதிர்ந்தபடியே போகும், கரைந்த திருநீறு கரைந்தபடியே போகும். அப்படிக் கொடுக்க ஜேபி கம்பெனி போதும்.

மதியம் கிபாயத்துல்லா வந்ததும் நடந்ததைச் சொன்னாள். பஹாசா டீச்சரின் படத்தையும் காட்டினாள். அவர் தலையில் கைவைத்து, "யா அல்லாஹ்," என்றார். அடுத்து ஜாகாவின் படம் வந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

"சிரிக்கிறீங்களே!"

"நீ எப்பவும் செய்யறதத்தான் அது செஞ்சிருக்கு. வேற என்ன செஞ்சுது? உன்னப் பாத்துத்தானே கத்துக்கிச்சு?"

"இப்ப என்னங்க பண்றது?"

அவர் நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டார். "என் கடையில மெஷின் என்ன செய்யுது? பெசையுது. அதோட நிறுத்திக்கும். ரொட்டி வீசறத நான் அதுகிட்ட விட்டனா? ஒவ்வொரு உருண்டையும் கைக்கு வந்தாத்தான் தெரியும், இது இளகலா, இறுகலான்னு. உன் மெஷின எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்த முடியுமா?"

சுலைஹா அந்தப் பட்டியலைப் பார்த்தாள். பதிவான படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. வெட்டு, ஆள், நீலம், வெளிச்சம். அதற்கு அடுத்து அவளுடைய பொட்டு, தனியாக ஒரு வரியில். அதை அழித்தாள். அந்த இடத்தில் 'நிறுத்து' என்ற ஒன்றைச் சேர்க்க வழியிருந்தது. சேர்த்தாள். இனி இயந்திரம் நான்கு படிகளை ஓட்டிவிட்டு ஒவ்வொரு முகத்திலும் நிற்கும். அவள் பார்த்துச் சரி என்று ஒரு பொத்தானை அமுக்கினால் மீதியை முடித்துக்கொள்ளும்.

"பொத்தான நான் அமுக்கறேன்," என்றார் கிபாயத்துல்லா. "நீ போன்னு சொல்லு. கடைய பசங்க பாத்துக்குவாங்க."

அப்படித்தான் அவர்கள் அந்தச் செவ்வாய் மதியத்தையும் புதன்கிழமையையும் உட்கார்ந்தே கழித்தார்கள். ஒரு முகம் வரும். சுலைஹா பார்ப்பாள். "போங்க," என்பாள். அவர் மாவு காய்ந்த பெரிய விரலால் பொத்தானை அமுக்குவார். பொட்டு உதிர்ந்த முகம் வந்தால், "இருங்க," என்று இடது கையால் மெதுவாக வைப்பாள். அது சில நிமிஷம் பிடிக்கும். பத்தில் ஒன்றுதான் அப்படி.

"இவன் லாரி ஜெயராமன் மகன்ல? அதே காது."

"போங்க."

"இந்தப் பிள்ள தினமும் கடையில ரெண்டு மீலோ வாங்கும். ஒண்ணு தம்பிக்கு. தம்பி எங்க?"

"அடுத்தது அவன்தான். பாருங்க."

"ஆமா! ஏன் மொறைக்கிறான்?"

"ஜெயபாலன் ஏதாவது கிண்டல் பண்ணியிருப்பான். போங்க."

பதினொரு வருஷம் அவள் தனியாகப் பார்த்துவந்த முகங்கள். அவற்றில் பாதிப் பேரை அவருக்குத் தெரிந்திருந்தது. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பிள்ளையின் அப்பா வேலை மாறினார், எவன் போன மாதம் சைக்கிளிலிருந்து விழுந்தான். அவர் சொல்லச் சொல்ல அந்த இளநீலங்களுக்குப் பின்னால் ஊர் எழுந்து வந்தது. யோங் பெங்கின் வீடுகளெல்லாம் கதவைத் திறந்துகொண்டு அந்த முன்னறைக்குள் வரிசையாக நடந்துபோவதுபோல அவளுக்கு இருந்தது.

அபர்ணாவை அவள் கடைசிக்கு ஒதுக்கியிருந்தாள். புதன்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தப் படம் வந்தது. மூலப் படம். புருவத்துக்குமேல் விலகிய பொட்டு.

"இருங்க," என்றாள். "இவளாலதான் எல்லாம். வழுக்கி வந்திருக்கு, பாருங்க."

கிபாயத்துல்லா முன்னால் குனிந்தார். "இது சாருமதி மகளாச்சே."

"தெரியுமா?"

"தெரியாம என்ன? சாருமதி நாலரைக்கு ஃபேக்டரி பஸ் ஏறும். ஒரு ரொட்டி, பால் இல்லாம ஒரு தே ஓ. தூங்கிக்கிட்டே வாங்கிட்டுப் போவும். பிள்ளைய கெளப்பறது சாருமதி புருஷன். ஏழு மணிக்குக் கடை வாசல்ல கார நிறுத்தி, ஸ்டீயரிங்குக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டே தலைய பின்னி, பொட்ட வெச்சு விடுவான். கட்டவிரலு இவ்வளவு பெருசு. நேரா வெக்கவே வராது அவனுக்கு. நான் சிரிப்பேன், அவன் என்னப் பாத்து மொறைப்பான்."

"தினமுமா?"

"தினமும் அதே எடம்தான். அந்தப் பிள்ள கண்ண மூடிக்கிட்டு மூஞ்சிய அண்ணாந்து காட்டும், பாத்திருக்கியா? ரொட்டிக்குக் காத்திருக்கிற மாதிரி."

சுலைஹா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். திரையிலிருந்த நெற்றியை வெகுநேரம் பார்த்தாள். உற்றுப் பார்த்தால் பொட்டின் ஓரத்தில் வியர்வைக் கோடு இல்லை. அது எங்கிருந்தும் வழுக்கவில்லை.

"இது விழுந்த பொட்டு இல்ல," என்றாள். "வெச்ச பொட்டு."

"அதத்தானே சொல்றேன்."

"நீங்க சொல்லலேன்னா நான் நேராக்கியிருப்பேன்."

"முந்தாநேத்து நேராக்கினதாலதானே ஊருக்கே வெச்ச?"

அவள் சிரித்தாள். முதல்முறையாக உடம்பு முழுக்கச் சிரித்தாள். பிறகு அவர் கைமேல், உணர்வில்லாத தன் மூன்று விரல்களையும் வைத்தாள்.

"போங்க," என்றாள்.

அவர் பொத்தானை அமுக்கினார்.

ஐந்தரை மணிக்குச் சிகப்பி டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. எழுநூற்று நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்ததாகவும், தனக்கு இப்போது ஒரு பொட்டுதான் இருப்பதாகவும் எழுதியிருந்தார். கீழே, 'நாளைக்கு நல்லபடியா நடக்கும். அடுத்த வருஷம் ரெண்டு கையோட வாங்க' என்றிருந்தது. சுலைஹா அதைக் கணவரிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

வியாழக்கிழமை பத்து பஹாட் ஆஸ்பத்திரியில் ஏழு பேர் பச்சை உடுப்போடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மலாய்த் தாதி ஒவ்வொருவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தார். பெயர் என்ன, சாப்பிட்டீர்களா, மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா, எந்தக் கை. ஒரே குரல், ஒரே வரிசை. ஆனால் ஒவ்வொருவருக்கு முன்னாலும் நின்று, குனிந்து, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் நகர்ந்தார். சுலைஹா அதையே கவனித்துக்கொண்டிருந்தாள். பயம் எந்த நேரத்தில் விலகிப்போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் வந்து, எந்தக் கை என்று அவளிடம் இன்னொரு முறை கேட்டார். அவள் வலது கையை நீட்டினாள். அவர் ஊதா நிறப் பேனாவால் மணிக்கட்டுக்குமேல் வட்டமாக ஓர் அடையாளம் வைத்தார். அவர் நகர்ந்ததும் கிபாயத்துல்லா அவள் காதருகே குனிந்தார்.

"உனக்கும் வெச்சுட்டாங்க."

சுலைஹா கையைத் திருப்பிப் பார்த்தாள். அது நடுவில் இல்லை. இடது ஓரமாக விலகியிருந்தது. கோணலாக இருக்கிறதென்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"இருக்கட்டும்," என்றாள். "வெச்சதுதானே."